மைக் டெஸ்டிங் நேரத்துப் பாட்டுக்கும் ஒரு மேடை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உச்சிப்புளியில் 32 வருடங்களாக மைக்செட் வாடகைக்கு விடுகிறேன். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், பெரியபட்டினம், கீழக்கரை என்று கடலோரத்தில் நான் ஒலிபெருக்கிக் குழாய் கட்டாத ஊர் குறைவு. கோயில் பொங்கல், மாதா கோயில் தேர், தர்கா சந்தனக்கூடு, கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் போயிருக்கிறேன். ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. அதற்கு முன் எங்கள் பகுதி விழாக் கமிட்டிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் மீனவர் சங்கங்களுக்கும், உள்ளூர்ப் பாட்டுக்கு ஒரு திறந்த மேடை கேட்டுக் கோரிக்கை வைக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மேடை போட்டு முடிந்ததும் சாயங்காலம் நாலு மணி வாக்கில் மைக் டெஸ்டிங் நடக்கும். 'ஹலோ, ஒன் டூ த்ரீ' சொல்லிப் பார்த்தால் மைக்கின் குணம் தெரியாது. யாராவது வாய்விட்டுப் பாட வேண்டும். அதனால் பக்கத்தில் நிற்கிறவர்களைக் கூப்பிட்டு, "நாலு வரி பாடுங்க" என்பது என் வழக்கம். இத்தனை வருடத்தில் நான் கேட்ட நல்ல பாட்டெல்லாம் அந்த அரைமணி நேரத்தில் கேட்டவைதான். கரைவலை இழுத்த பெரியவர் ஒருவர், வலை இழுக்கும்போது பாடும் அம்பா பாட்டைப் பாடினார். அவர் ஒரு அடி எடுத்துவிட்டதும், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஆட்கள் தலை நிமிராமலே 'ஏலேலோ' என்று வாங்கிப் பாடினார்கள். முளைக்கொட்டு என்கிற முளைப்பாரி விழாவுக்குக் கும்மியடிக்கிற பெண்கள் மைக்கைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். ஏர்வாடிப் பக்கம் இஸ்லாமியப் பாட்டுப் பாடும் ஒரு பக்கீர், தாயிரா என்கிற தோல் கொட்டைத் தீயில் காட்டிச் சூடேற்றிக்கொண்டு வந்து கொட்டிப் பாடினார். தோலில் ஈரம் ஏறியிருந்தால் சத்தம் அமுங்கிவிடும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மூன்று வருடம் முன்பு தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் ஓர் ஊர்த் திருவிழா. அங்கே ஒரு அக்கா. எழுபது வயதிருக்கும், கடல்பாசி எடுத்துப் பிழைத்தவர். பாசி எடுக்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாறை கிழிக்காமல் இருக்க விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி உள்ளே போவார்கள். அப்படி மூழ்கிப் பழகிய நெஞ்சு. மைக்கிலிருந்து இரண்டடி தள்ளி நின்று பாடினார். ஒரு நீண்ட அடி முழுக்க ஒரே மூச்சு. எக்கோ கிடையாது, ஒன்றும் கிடையாது. கடலுக்குப் போன மகன் திரும்பி வராத ஒரு தாயின் பாட்டு அது. ஒப்பாரி என்றும் சொல்ல முடியாது, தாலாட்டு என்றும் சொல்ல முடியாது. ஐந்து நிமிடத்தில் படகடியில் இருந்தவர்கள் எல்லாம் மேடைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து ஆர்க்கெஸ்ட்ரா வண்டி வந்தது. கீபோர்டு மாட்ட வேண்டும், நேரமில்லை என்றார்கள். கமிட்டியில் ஒருவர் மேடையேறி, "சரிம்மா, போதும், இறங்குங்க" என்றார். பாட்டு பாதியில் நின்றது. சத்தத்தைக் குறைக்கிற திருகு என் கையில்தான் இருந்தது. நான்தான் குறைத்தேன். அன்று இரவு முழுக்க சினிமாப் பாட்டு நடந்தது, ஜனமும் ரசித்தது. அதில் தப்பு சொல்ல மாட்டேன், எனக்கும் சினிமாப் பாட்டு பிடிக்கும். ஆனால் அந்த அக்கா படியில் இறங்கியபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

இந்தப் பாட்டெல்லாம் வேலையோடு ஒட்டி வளர்ந்தவை. கரைவலையை முப்பது நாற்பது பேர் சேர்ந்து இழுக்கும்போது கையும் காலும் ஒன்றாக விழ அம்பா தேவைப்பட்டது. இப்போது எங்கள் பக்கம் கரைவலை இழுப்பது குறைந்துவிட்டது. நடவு மெஷின் வந்த ஊரில் நடவுப் பாட்டு கிடையாது. வேலை போன பிறகு பாட்டு நிற்க வேறு இடம் வேண்டாமா? பாம்பனில் 2016-ல் தொடங்கிய கடல் ஓசை 90.4 சமுதாய வானொலியில் நம் ஆட்களின் குரல் கேட்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. ஆனால் அம்பா மாதிரியான பாட்டுக்கு எதிரே ஆள் வேண்டும். ஒருவர் எடுக்க, பத்துப் பேர் வாங்க வேண்டும். கேட்கிறவரும் பாடினால்தான் அது முழுப் பாட்டு.

சென்னை சங்கமம் 2007-ல் தொடங்கியபோது கிராமத்துக் கலைஞர்கள் சென்னைப் பூங்காக்களிலும் தெருக்களிலும் ஆடிப் பாடினார்கள். பிறகு பல வருடம் நின்றுபோய் 2023-ல் மறுபடி வந்தது. நல்ல காரியம். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியமும் இருக்கிறது. ஆனால் நான் சொல்கிறவர்களிடம் குழு கிடையாது, அடையாள அட்டை கிடையாது, தங்களைக் கலைஞர் என்று அவர்கள் சொல்லிக்கொண்டதும் கிடையாது. அவர்களைச் சென்னைக்குக் கூட்டிப்போக முடியாது. மேடைதான் அவர்கள் ஊருக்கு வர வேண்டும். சென்னை பெசன்ட் நகர் பக்கத்து ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-ல் அப்படி ஒரு விழா தொடங்கினார்கள். மீனவர் குப்பத்துக்குள்ளேயே மேடை போட்டு, கர்நாடக இசை பாடுகிறவர்களையும் பறை அடிக்கிறவர்களையும் அதில் ஏற்றினார்கள். அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

தடைக்காலத்தை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முன்பு 45 நாளாக இருந்தது, 2017-லிருந்து 61 நாள், ஜூன் 14 வரை. விசைப்படகு ஆட்கள் கரையிலேயே இருப்பார்கள். வலை பொத்துவார்கள், படகுக்கு வர்ணம் அடிப்பார்கள், சாயங்காலம் ஆனால் சீட்டாட்டம் அல்லது செல்போன். கையில் காசு புழங்காத காலம், வீட்டில் சண்டை வருவதும் அப்போதுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அதில் பெரும்பகுதி லீவு. ஆகவே அந்த 61 நாளில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை ஒரு திறந்த மேடை. ஒரு வாரம் ஒரு ஊர், அடுத்த வாரம் வேறு ஊர். யார் வேண்டுமானாலும் ஏறலாம். கும்மி, ஒயிலாட்டம், அம்பா, பக்கீர் பாட்டு, தாலாட்டு, பிள்ளைகள் தாங்களே கட்டிய பாட்டு எதுவானாலும் சரி. சினிமாப் பாட்டுக்கு மட்டும் அந்த மூன்று மணி நேரம் ஓய்வு கொடுப்போம். வரவேற்புரை, பொன்னாடை, கட்சிக் கொடி வேண்டாம்.

இடம் பற்றியும் என் தொழில் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். அலை அடிக்கிற தென்கடலை ஆண்கடல் என்றும், அமைதியான வடகடலை (பாக் விரிகுடா) பெண்கடல் என்றும் நம் பக்கம் சொல்வார்கள். தடைக்காலத்தில் தெற்கிலிருந்து காற்று தூக்கும். தென்கடல் கரையில் மைக்கை வைத்தால் பஞ்சு உறை போட்டாலும் காற்றுதான் பாடும். அதனால் அந்த மாதங்களில் வடகடல் கரையில், பனைமரங்கள் காற்றை மறைக்கிற இடமாகப் பார்க்க வேண்டும். ஸ்பீக்கர் பாக்ஸைக் காற்று போகிற திசைக்குத் திருப்பி வைத்தால் குறைந்த சத்தமே கடைசி ஆள் வரை போகும். கூம்புக் குழாய்க்குத் தடை இருக்கிறது, அது தேவையும் இல்லை. இரண்டு பாக்ஸ், மூன்று மைக் போதும். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், நாம் எட்டு மணிக்கே முடித்துவிடுவோம். காவல் நிலையத்தில் முன்கூட்டியே மனு கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அந்த மனுவை எழுதித் தரவும் நான் தயார்.

செட்டுக்கு வாடகை வேண்டாம். பாக்ஸ், மைக், ஜெனரேட்டர் எல்லாம் என்னுடையது, டீசலும் என் செலவு. ஊராட்சி தர வேண்டியது ஒரு சிமென்ட் தரையும் இரண்டு விளக்கும்தான். கமிட்டிக்காரர்களிடம் இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் திருவிழாவில் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முன் அரைமணி நேரம் உள்ளூர்க்காரர்களுக்கு என்று நோட்டீசிலேயே அச்சடியுங்கள். நோட்டீசில் இருந்தால் யாரும் யாரையும் இறக்கிவிட முடியாது.

போன வாரம் அந்த அக்காவைப் போய்ப் பார்த்தேன். இப்போது கடலுக்குப் போவதில்லை, முழங்கால் வலி. விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மேடையெல்லாம் ஏற முடியாது தம்பி, மணல்லயே உட்காந்து பாடுறேன். நடுவுல நிறுத்தச் சொல்லாம இருந்தா வர்றேன்" என்றார். மைக் ஸ்டாண்டைத் தாழ்த்தி வைத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மைக்செட்காரர்,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்.