எங்கள் பேச்சும் கோர்ட்டில் கேட்கும்படி செய்தவர்களுக்கு

ஊர்ப் பெரியவர்களுக்கும், உறவுக்காரர்களுக்கும், முன்பின் பழக்கமில்லாமலே கை கொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

என் தம்பியைக் கொன்று ஆயுள் தண்டனையில் இருக்கும் ஆளுக்கு, மகள் கல்யாணத்துக்காகப் பரோல் கேட்டுப் போட்டிருந்த மனு சென்னை உயர் நீதிமன்றத்தில் முடிந்துவிட்டது. விடுப்பு கொடுத்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் போச்சம்பள்ளி வட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது. தங்குகிற ஊர் காவல் நிலையத்தில் தினமும் கையெழுத்துப் போட வேண்டும். எங்களையோ சாட்சிகளையோ நேரிலும் போனிலும் நெருங்கக் கூடாது. வெளியே வரும் தேதியையும் திரும்பும் தேதியையும் எங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இத்தனையும் நாங்கள் கேட்டவை. நாங்கள் கேட்டதை நீதிபதிகள் முன்னால் கொண்டுபோய் வைத்தது நீங்கள். அம்மாவுக்கு எழுதத் தெரியாது, தம்பி சம்சாரத்துக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் வீட்டுக்கு மூத்தவளாக நான் எழுதுகிறேன்.

நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். குத்தகைக்கு எடுத்த மாந்தோப்பு, லாரி போகிற வழித்தடம், அதில் வந்த தகராறு. பெங்களூரா மாங்காய் இறக்கிக்கொண்டிருந்த நேரம். அதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

முதல் நன்றி, அன்றைக்குப் பக்கத்துக் கரட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தாவுக்கு. கிருஷ்ணகிரி செஷன்ஸ் கோர்ட்டில் கூண்டில் ஏறி, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னவர் அவர் ஒருவர்தான். கூடப் பார்த்த மற்றவர்கள் பிறழ் சாட்சியாகப் போய்விட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை, இதே ஊரில் பிழைத்தாக வேண்டும் என்ற பயம். தாத்தாவும் இதே ஊரில்தான் பிழைத்தார். குறுக்கு விசாரணையில் எதிர்த் தரப்பு வக்கீல், உங்களுக்குக் கண் சரியாகத் தெரியுமா என்று மடக்கியபோது, கோர்ட் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி சொன்னார். இன்று அவர் இல்லை. சாட்சிகளை நெருங்கக் கூடாது என்ற நிபந்தனை அவர் வீட்டாரையும் மனதில் வைத்துத்தான் கேட்டோம்.

அப்புறம் சந்தையில் புளிக்கடை வைத்திருக்கும் அண்ணன். சில வருடங்களுக்கு முன் அந்த ஆள் விடுப்பில் வந்தபோது எங்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சந்தையில் அம்மா புளி நிறுத்துக்கொண்டிருக்கிறார், பக்கத்துக் கடையில் அவன் கத்தரிக்காயை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அம்மா புளியையும் எடுக்கவில்லை, பையையும் எடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வந்து ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். கடையை அப்படியே போட்டுவிட்டு அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்து, எனக்குப் போன் போட்டு, நான் வரும்வரை அம்மா பக்கத்திலேயே நின்றவர் அந்த அண்ணன். அம்மா அதற்குப் பிறகு சந்தைப் பக்கமே போவதில்லை. வருடா வருடம் எங்கள் வீட்டுக்கு வேண்டிய புளியை அவரே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறார். காசு கொடுத்தால் அடுத்த தடவை வாங்கிக்கொள்கிறேன் என்கிறார்.

ஊரில் பரோல் என்று சொல்வதை 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் விடுப்பு என்கின்றன. கைதி மனுப் போட்டால் நன்னடத்தை அலுவலரிடமும் காவல் நிலையத்திலும் அறிக்கை கேட்பார்கள். அந்த அறிக்கையில் எங்கள் வீடு என்று ஒன்று இருப்பது தெரிந்ததே இந்தத் தடவைதான். விசாரிக்க வந்த ஏட்டையா தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "ஆட்சேபணை இருந்தா எழுதிக் கொடுங்கம்மா, நானா எதையும் எழுதிக்க மாட்டேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் இவ்வளவு தூரம் வந்தோம். ஐயா, உங்களுக்கு என் கும்பிடு.

ஆட்சேபணை என்றால் என்ன எழுதுவது? சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். விடவே கூடாது என்று எழுது என்றார்கள், தூக்கில் போடச் சொல்லி எழுது என்றார்கள். 2021 செப்டம்பரில் அண்ணா பிறந்தநாளையொட்டி நீண்டகாலக் கைதிகள் 700 பேரை முன்விடுதலை செய்யப்போவதாக அரசு அறிவித்த நாளிலிருந்தே, இவனையும் விட்டுவிடுவார்களோ என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது. கிருஷ்ணகிரி கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொன்னது எங்கள் பள்ளிக்கூடத்து ஓய்வுபெற்ற வாத்தியார். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், அங்கே வக்கீல் இலவசம் என்று அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அங்கே எங்களுக்குக் கிடைத்த வக்கீலம்மா முதலில் எங்களைப் பேசவிட்டார். நாங்கள் மாறி மாறிக் கத்தியதையெல்லாம் கேட்டுவிட்டு, அம்மா பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அம்மாவிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அம்மா சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்: "அவன் பொண்ணு கல்யாணத்த அவன் பாக்கட்டும். என் பேத்தி கல்யாணத்துக்கு எம் மவன் வரமாட்டான், அது அவனுக்குத் தெரியணும். எங்க ஊருக்கு மட்டும் வர வேணாம். வர்ற நாளைச் சொல்லிடணும்."

எனக்கு அப்போது அது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பிள்ளையைப் பெற்றவள் சொன்னது அது. வக்கீலம்மா அதை மாற்றவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு வழக்கின் எல்லாக் கட்டத்திலும் பேச உரிமை உண்டு என்று விவசாயிகள் மேல் கார் ஏற்றிக் கொன்ற லக்கிம்பூர் கேரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்ன தீர்ப்பை எடுத்து மனுவில் சேர்த்தார். தம்பி மகள் இரவெல்லாம் உட்கார்ந்து, குஜராத் கலவரத்தில் குடும்பத்தைப் பறிகொடுத்த பில்கிஸ் பானுவின் வழக்கைப் படித்தாள். அதில் தண்டனை பெற்ற 11 பேரை முன்கூட்டியே விட்டதை எதிர்த்து அந்த அம்மாவே கோர்ட்டுக்குப் போய், 2024 ஜனவரியில் விடுதலையை ரத்து செய்ய வைத்ததை எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். "அத்தை, நாமளும் போலாம்" என்றாள்.

ஜோலார்பேட்டையில் ரயில் ஏறி விடியற்காலை சென்ட்ரலில் இறங்கினால், கோயம்பேடு பழ மண்டியில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ராத்திரி முழுக்க லோடு இறக்கிவிட்டு வந்த பிள்ளைகள். குளிக்க இடம், இட்லி, பாரிமுனைக்கு ஆட்டோ, எதற்கும் எங்களைக் காசு எடுக்க விடவில்லை. தம்பிகளா, உங்கள் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், எழுதவில்லை. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

உயர் நீதிமன்றத்தில் எங்களுக்காக வாதாடிய வக்கீலும் அவருடைய ஜூனியர் பெண்ணும் ஒரு ரூபாய் வாங்கவில்லை. எங்கள் வழக்கைக் கூப்பிட்டபோது, பாதிக்கப்பட்ட குடும்பம் என்ன சொல்கிறது என்று நீதிபதி கேட்டார். அம்மா சொன்னதை வக்கீல் தமிழிலேயே வாசித்தார். அந்த ஜூனியர் பெண் எங்களிடம் திரும்பி, எழுந்து நில்லுங்கள் என்று கை காட்டினாள். நாங்கள் நின்றோம். நீதிபதி எங்களைப் பார்த்து, உட்காருங்கள் என்றார்.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். சிலருக்கு இது பிடிக்காமல் போகலாம், சரி. அந்த ஆளின் சம்சாரம். நடந்ததில் அந்த அம்மாவுக்குப் பங்கு கிடையாது. எங்கள் வட்டத்திலேயே இருக்கும் மத்தூரில் மண்டபம் பேசி முன்பணம் கொடுத்திருந்தவர், எங்கள் மனுவைப் பற்றித் தெரிந்ததும் கல்யாணத்தைத் திருப்பத்தூருக்கு மாற்றிக்கொள்கிறோம் என்று கோர்ட்டில் தானாகவே எழுதிக் கொடுத்தார். அக்கா, அந்தப் பெண்ணை நாங்கள் சின்னப் பிள்ளையாகத் தூக்கியிருக்கிறோம். அவள் நன்றாக வாழட்டும்.

நாங்கள் ஊரில் இல்லாத நாட்களில் மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றியவர்கள், தோப்புக்குத் தண்ணீர் விட்டவர்கள், அம்மாவுக்குச் சோறு கொடுத்தவர்கள் எல்லாருக்கும் நேரில் வந்து சொல்கிறேன்.

வேலை இன்னும் முடியவில்லை. 14 வருடம் உள்ளே இருந்தபின் முன்விடுதலை கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆளுநர் வழியாக அதற்கு முன்பே விட்டதும் உண்டு. அந்தப் பேச்சு வரும்போது எங்களையும் கேட்க வேண்டும் என்று இப்போதே எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கி வைத்திருக்கிறோம். நம் மாவட்டத்திலோ தர்மபுரியிலோ இதே நிலையில் வேறு குடும்பம் இருந்தால் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணுக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். எங்கள் மனுவின் நகல் வாத்தியாரிடம் இருக்கிறது, யார் கேட்டாலும் கொடுப்பார். தனியாகக் கோர்ட்டுக்குப் போகத் தயங்குகிறவர்கள் சொல்லி அனுப்பினால் நானோ தம்பி மகளோ கூட வருகிறோம்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா, குடும்பத்தார் சார்பாக