செயலாளர் ஆண்டறிக்கை: கவுன்ட்டி அசெஸ்ஸரும் நம் வீட்டு மதிப்பும்

தலைவர், நிர்வாகக் குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கலிபோர்னியாவின் சான்டா கிளாரா கவுன்ட்டியில் (மாவட்டத்தில்) வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்களின் சங்கமாகிய நாம் இவ்வாண்டு பெரும்பாலும் சொத்து மதிப்பு தொடர்பான உதவிகளையே செய்தோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

அசெஸ்ஸர் 4 ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி. சொத்தை மதிப்பிடுவதுதான் அவர் வேலை. வரி விகிதம் அவர் கையில் இல்லை. பில் அனுப்பிப் பணம் வாங்குவது வேறு துறை. 1978-இல் கலிபோர்னியா வாக்காளர்கள் நிறைவேற்றிய புரொபசிஷன் 13 என்ற சட்டத் திருத்தம், அடிப்படை வரியை மதிப்பில் 1 சதவீதத்தோடு நிறுத்தியது. உரிமை மாறாதவரை மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது; வீடு கைமாறினால் புதிதாக மதிப்பிடுவார்கள். வாக்காளர்கள் ஒப்புதல் தந்த பள்ளிக் கடன் பத்திரங்கள் போன்றவை இதற்கு மேல் சேரும்.

புதிதாக வீடு வாங்கியோரைத் திணறடிப்பது சப்ளிமென்டல் பில், அதாவது பழைய மதிப்புக்கும் புதிய மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்துக்கு வரும் கூடுதல் வரி பில். பழைய உரிமையாளர் பெயரில் மதிப்பு 5 லட்சம் டாலர், நீங்கள் அக்டோபரில் வாங்கிய விலை 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 10 லட்சம். அதற்கு 1 சதவீதம் 10,000 டாலர். வாங்கிய மாதத்துக்கு அடுத்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்து ஜூன் 30 வரை, அதாவது 8 மாதத்துக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 6,700 டாலர். ஜனவரி முதல் மே வரை வாங்கியவர்களுக்கு இப்படி இரண்டு பில் வரும். இந்த பில் கடன் கொடுத்த வங்கிக்குப் போவதில்லை, நேரே உங்கள் வீட்டுக்கு வரும். மாதத் தவணையோடு வரியும் கட்டுகிறோமே என்று உறையை ஒதுக்கி வைத்தால் 10 சதவீத அபராதம் ஏறிவிடும். வீடு வாங்கும்போதே இத்தொகையைத் தனியே எடுத்து வைக்கும்படி ஒவ்வொரு கூட்டத்திலும் வலியுறுத்தி வருகிறோம்.

சந்தை விலை இறங்கினால் மதிப்பைக் குறைக்கக் கேட்கலாம். கணக்கில் எடுப்பது ஜனவரி 1-ஆம் தேதி விலையை. எனவே அதையொட்டி விற்ற, அளவிலும் வயதிலும் உங்கள் வீட்டை ஒத்த, அதே பகுதி வீடுகளின் விலையே சான்று. மார்ச் 31-க்குப் பிறகு விற்றவை செல்லாது. கோடையில் பக்கத்து வீடு மலிவாகப் போனது என்று எழுதிய விண்ணப்பங்கள் இதனால்தான் எடுபடுவதில்லை. முதலில் அசெஸ்ஸர் அலுவலகத்திலேயே மறுபரிசீலனை கேளுங்கள். மதிப்பீட்டு மேல்முறையீட்டு வாரியத்தில் மனு கொடுக்க ஜூலை 2 முதல் செப்டம்பர் 15 வரை அவகாசம். மனு நிலுவையில் இருந்தாலும் டிசம்பர் 10, ஏப்ரல் 10 கெடுவுக்குள் பணம் கட்டியாக வேண்டும். குறைத்த மதிப்பு நிலையானதுமல்ல. சந்தை மீண்டால் 2 சதவீத வரம்பைத் தாண்டி ஒரே ஆண்டில்கூட ஏறலாம். அது சட்டப்படி சரியே.

குடியிருக்கும் வீட்டுக்கு மதிப்பில் 7,000 டாலர் கழிவு உண்டு. மிச்சம் ஆண்டுக்கு 70 டாலர்தான்; ஆனாலும் தானாக வராது, பிப்ரவரி 15-க்குள் படிவம் தர வேண்டும்.

வீட்டுப் பத்திரத்தில் பெயர் சேர்ப்பதில் மிகுந்த கவனம் தேவை; அது உரிமை மாற்றமாகி மறுமதிப்பீட்டுக்கு வழிவகுக்கலாம். கணவன் மனைவிக்குள் மாற்றினாலும், நீங்களே ரத்து செய்யக்கூடிய சொந்த டிரஸ்டுக்கு (சொத்தை வைத்து நிர்வகிக்கும் சட்ட ஏற்பாட்டுக்கு) மாற்றினாலும் மறுமதிப்பீடு இல்லை. பெற்றோர் வீடு பிள்ளைக்கு வரும்போது பழைய மதிப்பு தொடர வேண்டுமானால், 2021 பிப்ரவரி 16 முதல், பிள்ளை அங்கே ஓராண்டுக்குள் குடியேறிக் கழிவுப் படிவமும் தர வேண்டும். வாடகைக்கு விட்டால் அந்தச் சலுகை கிடைக்காது.

அடுத்த அசெஸ்ஸர் தேர்தலுக்கு முன் வேட்பாளர்களைச் சந்திக்கக் குழு தீர்மானித்துள்ளது. வரியைக் குறைப்பேன் என்பவரை நம்ப வேண்டாம், அந்த அதிகாரம் அப்பதவிக்கு இல்லை. நாம் கேட்க வேண்டியவை வேறு: விற்பனை பதிவாகி எத்தனை மாதத்தில் சப்ளிமென்டல் மதிப்பு முடியும்? விலை இறங்கும் ஆண்டில் விண்ணப்பத்துக்குக் காத்திராமல் வீடுகளைத் தாமே மறுபரிசீலிப்பார்களா? மதிப்பீட்டாளர் பணியிடங்களை எப்படி நிரப்புவார்கள்? மேலும் கேள்விகள் இருந்தால் உறுப்பினர்கள் எழுத்தில் தரலாம்.

படிவ உதவி முகாம் ஜனவரி கடைசியில் நடைபெறும். வருபவர்கள் பத்திர நகலும், மதிப்பு அறிவிப்பு அட்டையும், வீட்டு மனையின் பார்சல் எண்ணும் (மனையின் அடையாள எண்) கொண்டு வரவும்.

இங்ஙனம்,
செயலாளர்