மேசை எங்கட, பில் வேற ஆளின்ர

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்கட பேப்பரில வாற அரசாங்கக் கேள்வி (டெண்டர்) அறிவித்தல்களை வெட்டி பட்டறைச் சுவரில ஒட்டி வைக்கிற ஆள் நான். அதைப் பாத்து விலை போடுற எங்களமாதிரிச் சின்ன ஆக்களின்ர பாட்டை ஒருத்தரும் எழுதக் காணேல்ல, அதாலதான் இந்தக் கடிதம்.

விசுவமடுப் பக்கம் எனக்கு ஒரு தச்சுப் பட்டறை, வெல்டிங்கும் இருக்கு, ஆறு பெடியள் வேலை செய்யினம். போன வருசம் பள்ளிக்கூடங்களுக்கு மேசை கதிரை குடுக்கக் கேள்வி கோரினவை. 2,400 சோடி, எல்லாம் ஒரே கட்டா. பத்திரம் முழுக்க இங்கிலீசு (வடக்கு கிழக்கில நிர்வாக மொழி தமிழ் எண்டு அரசியலமைப்பில இருக்கு, இருக்கட்டும்), மருமகனை வைச்சு ரெண்டு இரவு வாசிச்சன். கடைசி மூண்டு வருசத்துக்குள்ள இதே அளவு பெறுமதிக்கு ஒரு ஒப்பந்தம் முடிச்ச கடிதம் வேணுமாம். நான் 2011 இல முகாமால வந்து திரும்பப் பட்டறை போட்ட நாளில இருந்து மேசை அடிக்கிறன், ஆனா அரசாங்கத்துக்கு நேர குடுத்தது எண்டு பாத்தா ஒரு முன்பள்ளிக்கு 40 குட்டிக் கதிரை, அவ்வளவுதான். விசர் தெளிஞ்சாத்தான் கலியாணம், கலியாணம் முடிஞ்சாத்தான் விசர் தெளியும் எண்ட கதைதான் இது.

அதை விட்டாலும் பாங்க் கரண்டி, அதாவது நாங்கள் வேலையை முடிக்காட்டி பாங்க் காசு கட்டும் எண்ட உத்தரவாதம். வேலை கிடைச்சா பெறுமதியில 10 வீதத்துக்குக் கரண்டி வைக்க வேணும் எண்டிருந்தது. பாங்கில கேட்டா உறுதிக் காணி, சொந்தப் பேரில பத்திரம் உள்ள காணி, இருக்கோ எண்டினம். எங்க இருக்கு? இரணைமடு, முத்தையன்கட்டு, விசுவமடு எண்டு இஞ்ச முக்கால்வாசிச் சனம் இருக்கிறது குடியேற்றத் திட்டக் காணியில, கையில கிடக்கிறது 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்துக்குக் கீழ குடுத்த பெர்மிட், அதை பாங்க் ஈடா எடுக்காது. வேற இடத்தில உறுதிக் காணி வைச்சிருக்கிறவர் ஒரு கையெழுத்தோட முடிச்சிடுவார், நான் முழுக்காசையும் கொண்டுபோய் முடக்க வேணும், அந்தக் காசு கையில இருந்தா நான் முதிரை மரம் வாங்கிக் காயப் போட்டிருப்பன். இதுக்குள்ள 50 இலட்சத்துக்கு மேல எண்டா 1987 ஆம் ஆண்டு 3 ஆம் இலக்க அரச ஒப்பந்தச் சட்டப்படி கம்பனிப் பதிவாளரிட்ட முதலே பதிஞ்சிருக்கவும் வேணும், அது தெரியாமப் போட்டுக் கழிபட்ட ஆக்களையும் எனக்குத் தெரியும்.

என்னையும் கழிச்சுப் போட்டினம். சரி, விதி அது.

பிறகு நடந்ததுதான் வயித்தெரிச்சல். கேள்வியில வெண்டவருக்குப் பட்டறையே இல்லை. ஐப்பசி கடைசியில எனக்குக் கோல் எடுத்து "அண்ணை, 700 சோடி அடிச்சுத் தருவீங்களோ" எண்டு கேக்கிறார், நான் போட்ட விலையில காவாசியைக் குறைச்சு. மார்கழி 15 க்கு முதல் குடுத்து முடிக்க வேணுமாம், ஏன் எண்டா டிசம்பர் 31 தாண்டினா அந்த வருச ஒதுக்கீடு திரும்பிப் போயிடும். வன்னியில காத்திகை மார்கழி எப்பிடி எண்டு தெரியும்தானே, வானம் பொத்துக்கொண்டு ஊத்தும், பலகை ஊதும், வார்னிஷ் காயாது, கரண்டும் இல்லை. பெடியளுக்குச் சம்பளம் குடுக்க வேணும் எண்டதால ஓம் எண்டிட்டன். தார்ப்பாய் கட்டி அடிச்சம். காசு வந்தது சித்திரை கழிச்சு. தை மாசம் என்ர மகள் பள்ளிக்கூடத்தால வந்து சொல்லுறாள், புது மேசைக்குக் கீழ எங்கட பட்டறைப் பெடியள் சோக்கால போட்ட நம்பர் கிடக்காம்.

விதி வேண்டாம் எண்டு நான் சொல்லேல்ல. அட்வான்ஸ் வாங்கிப்போட்டு ஓடினவையையும் கண்டிருக்கிறன், சனத்தின்ர காசு அது. அரசாங்கம் சாமான் வாங்கிறதுக்கான (பெறுகை எண்டு சொல்லுறது) 2006 ஆம் ஆண்டு வழிகாட்டியை மாத்தி 2025 ஜனவரி 1 இல இருந்து புதுசு நடைமுறையில இருக்கு. அதைப் பாக்கிற பெறுகை ஆணைக்குழுவை அரசியலமைப்பின்ர 19 ஆம் திருத்தம் கொண்டு வந்திச்சு, 20 தூக்கிச்சு, 2022 இல 21 திரும்பக் கொண்டு வந்திச்சு. மேல இவ்வளவு மாறியும் கீழ எங்களுக்கு வாற பத்திரத்தில அதே வசனம்தான்.

2,400 ஐ கல்வி வலயம் வலயமா எட்டாப் பிரிச்சுப் போட்டா 300 சோடி, அதை எங்களால தாராளமாச் செய்யலாம், கரண்டியும் எட்டில ஒண்டாக் குறையும். ஆனா கூடுதல் விலை வராம இருக்கப் பிரிக்கேல்ல எண்டு ஒரு அதிகாரி என்னட்டச் சொன்னவர், அப்ப நடுவில நிண்டவர் எடுத்த காவாசி என்ன கணக்கு? ரெண்டாவது, உபஒப்பந்தமாச் செய்த வேலையையும் அனுபவமா எடுக்க வேணும், பாடசாலை அதிபர் "இந்த மேசை இன்ன பட்டறையில அடிச்சது, ஆடேல்ல" எண்டு ஒரு கடிதம் தந்தாக் காணாதோ. கேள்வியை மாசி பங்குனியில கோருங்கோ, வருசக் கடைசியில கோரி மழைக்குள்ள மரத்தைக் காய வைக்கச் சொல்லாதேங்கோ.

வெண்டவரிட்ட வேலை செய்து குடுத்ததுக்கு ஒரு கடிதம் கேட்டன். வாட்ஸ்அப்பில நீலச் சரி ரெண்டு விழுந்து கிடக்கு, பதில் இல்லை. என்னை ஏன் கழிச்சவை எண்டு 2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டத்தில விண்ணப்பம் எழுதி வைச்சிருக்கிறன், வாற திங்கள் கொண்டுபோய்க் குடுக்கப் போறன்.

இப்படிக்கு,
ஒரு தச்சுப் பட்டறைக்காரன்,
விசுவமடு.