எடை மட்டும் போதாது, மூளையையும் பாருங்கள்: உடல்பருமன் அறுவை சிகிச்சை நிபுணர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் அக்காவுக்கு, எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் கேஸ்ட்ரிக் பைபாஸ் அறுவை முடிந்து டிஸ்சார்ஜ் ஆனபோது கையில் கொடுத்த தாளை வரி விடாமல் படித்தேன். எந்த வாரம் வரை திரவ உணவு, புரதம் எத்தனை கிராம், எப்போது நடக்கலாம், எப்போது பாரம் தூக்கலாம் என்று எல்லாம் இருந்தது. நினைவாற்றல், கவனம், குழப்பம் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இத்தனைக்கும் நல்ல செய்தியே நிறைய இருக்கிறது. நெதர்லாந்தில் நடந்த பாரிகோ ஆய்வின் முடிவுகள் 2024இல் வெளிவந்தன. பைபாஸ் செய்துகொண்ட 133 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், 40 சதவீதத்துக்கும் மேலானவர்களின் ஒட்டுமொத்தச் சிந்தனைத்திறன் 20 சதவீதமோ அதற்கு மேலோ கூடியிருந்தது. உடலின் அழற்சி தணிவது, ரத்த அழுத்தம் இறங்குவது, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது குறைவது என்று காரணங்கள் பல இருக்கலாம். ஒரே தேர்வைத் திரும்ப எழுதும்போது பழக்கத்தாலும் மதிப்பெண் ஏறும் என்பதையும் மறக்கக்கூடாது.

அக்கா கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறார். முன்பெல்லாம் ஒரு பக்கத்தைக் கூட்டி முடிப்பதற்குள் எந்த வரியில் நின்றோம் என்று விரல் வைத்துத் தேடுவார். இப்போது அந்தத் தேடல் இல்லை. ஆனால் இதெல்லாம் வீட்டில் இருக்கும் நாங்கள் பார்த்துச் சொல்வதுதான். முறையாக அளந்தவர் யாருமில்லை. கடிகாரம் வரையச் சொல்லி, ஐந்து சொற்களைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்கும் மோகா தேர்வுக்குப் பத்து நிமிடம் போதும். அறுவைக்கு முன் ஒரு முறை, பிறகு ஆண்டுதோறும் ஒரு முறை அதைச் செய்யுங்கள். எடை பார்க்காமல் நீங்கள் யாரையும் அனுப்புவதில்லையே.

நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே வைட்டமின் பி1, அதாவது தயமினுக்காகத்தான். உடலில் அதன் கையிருப்பு இரண்டு மூன்று வாரங்களுக்குத்தான் வரும். அறுவைக்குப் பின் சாப்பாடு குறைவு. அதோடு வாந்தியும் நிற்காவிட்டால் இருப்பு காலியாகிவிடும். அப்புறம் வருவது வெர்னிக்கி என்ற மூளை பாதிப்பு. பார்வை இரட்டையாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சில் குழப்பம் வரும். மூன்றும் சேர்ந்தே வரும் என்று காத்திருக்க முடியாது. பலருக்கு ஒன்றோ இரண்டோதான் தெரியும். உடனே தயமின் ஏற்றினால் மீட்கலாம். தாமதித்தால் போன நினைவாற்றல் திரும்பாமலே போகக்கூடும்.

அப்படிப்பட்ட நேரத்தில் நோயாளி உங்களைத் தேடி வருவதில்லை. பக்கத்தில் எந்த அவசர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதோ அங்கே ஓடுகிறார். வாந்தி, சோர்வு என்றதும் அங்கே குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிவிட வாய்ப்புண்டு. குளுக்கோஸை எரிக்கத் தயமின் வேண்டும். தயமின் இல்லாத உடலில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருந்த துளியும் தீர்ந்து, மூளையின் நிலை இன்னும் மோசமாகக்கூடும்.

பி12 குறைபாடு மெதுவாக, சில ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும். மறதியை வயதின் மேல் போட்டுவிடாமல் ரத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பைபாஸுக்குப் பின் மது சீக்கிரம் தலைக்கேறும் என்பதையும், சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்தில் சர்க்கரை இறங்கித் தலை சுற்றலாம், குழம்பலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பர்ஸில் வைக்கும் அளவுக்கு ஓர் அட்டை கொடுங்கள். என்ன அறுவை, எந்தத் தேதி, உங்கள் தொலைபேசி எண். அதன் கீழே பெரிய எழுத்தில்: "இவருக்கு வாந்தியோ குழப்பமோ இருந்தால் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றாதீர்கள்." நோயாளியிடம் மட்டுமல்ல, கூட இருப்பவரிடமும் ஒன்று கொடுங்கள். குழம்பிப் போனவரால் தன் அட்டையைத் தானே எடுத்துக் காட்ட முடியாது.

இப்படிக்கு,
பைபாஸ் செய்துகொண்ட ஒருவரின் தங்கை