கண்மாய்க் கால்வாய்களை முதலில் வரையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை உள்ளூர்த் திட்டப் பகுதிக்கான முழுமைத் திட்டத்தைப் புதுப்பிப்பது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் மெட்ரோ ரயில், சுற்றுச்சாலை, விமான நிலைய விரிவாக்கம், தோப்பூர் எய்ம்ஸ் ஆகியவையே முதலிடம் பெறுகின்றன. அவை யாவும் வேண்டியவைதான். ஆயினும் எந்தப் புல எண்ணில் வீடு கட்டலாம், எதில் பயிர் மட்டுமே வைக்கலாம் என்பதை அடுத்த இருபது ஆண்டுகளுக்கு முடிவு செய்யப் போகும் அந்த வரைபடத்தில், கண்மாய்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய்களும், அவை நிரம்பிய பின் மிகுநீர் வெளியேறும் மறுகால் ஓடைகளும் எவ்வாறு இடம்பெறப் போகின்றன என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கிராமக் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அதைப் பற்றி மட்டும் எழுத விரும்புகிறேன்.

மக்கள்தொகை பெருகிவிட்டது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எங்கே பெருகியது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். 2001-இல் 25.78 லட்சமாக இருந்த மதுரை மாவட்ட மக்கள்தொகை 2011-இல் 30.38 லட்சமானது. அந்தப் பத்தாண்டில் அப்போதைய 72 வார்டு மாநகராட்சிக்குள் கூடியவர்கள் ஒரு லட்சம் பேர்கூட இல்லை. எஞ்சிய மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாநகராட்சி எல்லைக்கு வெளியே கூடியவர்கள். 2011-இல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் முதலானவற்றைச் சேர்த்துக்கொண்டு மாநகராட்சியின் பரப்பு சுமார் 52 சதுர கிலோமீட்டரிலிருந்து சுமார் 148 சதுர கிலோமீட்டராகவும், வார்டுகள் 100 ஆகவும் உயர்ந்தன. அதன் பிறகு ஒத்தக்கடை, ஊமச்சிகுளம், சிலைமான், செக்கானூரணி என்று வீடுகள் அந்த எல்லையையும் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கின்றன. இதுவரை கையில் இருந்த முழுமைத் திட்டமோ தொண்ணூறுகளின் நடுவில் ஒப்புதல் பெற்றது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப் போயிருக்கிறது. 2011 கணக்குப்படி 20 லட்சம் பேர் இல்லை என்று காரணம் காட்டி மதுரை மெட்ரோ கருத்துருவை மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியபோது நாமெல்லாம் கோபப்பட்டோம். அதே பழைய எண்ணை வைத்து நிலத்தைப் பங்கிட்டால் அதற்கும் கொஞ்சம் கோபத்தை மிச்சம் வைத்திருக்க வேண்டும்.

மதுரை கிழக்கு வட்டத்தில் எங்கள் ஊர்க் கண்மாயைச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் கண்மாய் இருக்கிறது. கரையும் மடைகளும் மிகுநீர் வழியும் கலுங்கும் இருக்கின்றன. தண்ணீர் தேங்கும் உள்வாயில் சொல்லிக்கொள்ளும்படியான ஆக்கிரமிப்பும் இல்லை. இருந்தும் நல்ல மழை பெய்த ஆண்டுகளில்கூடக் கண்மாய் பாதிக்கு மேல் நிறைவதில்லை. மேற்கே சற்றுத் தொலைவில், வரத்துக் கால்வாய் புஞ்சைக் காட்டைக் கடக்கும் இடத்தில் ஒரு மனைப்பிரிவு வந்திருக்கிறது. நில அளவைப் புலப்படத்தில் அந்தக் கால்வாய் ஓடைப் புறம்போக்காக, தனி உட்பிரிவு எண்ணோடு, இரு பக்கமும் அளவு குறிக்கப்பட்டுத் தெளிவாக இருக்கிறது. தரையில் இருப்பது ஒரு தார்ச் சாலையும், அதன் அடியில் ஓர் ஆள் குனிந்துகூட நுழைய முடியாத ஒற்றைச் சிமெண்டுக் குழாயும்தான். குழாயின் வாயைச் சீமைக் கருவேல முள்ளும் பாலித்தீன் பைகளும் அடைத்துக் கிடக்கின்றன. மஞ்சள் சாயம் பூசிய மனைக்கல் ஒன்று கால்வாயின் பழைய கரையின் மேலேயே ஊன்றப்பட்டிருக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் அந்த மனைகளில் நின்றுவிடுவதால் அங்கே வீடு கட்டிக் குடிவந்தவர்களுக்கும் நஷ்டம், கீழே கண்மாய்ப் பாசன நிலம் வைத்திருக்கும் ஆயக்கட்டுக்காரர்களுக்கும் நஷ்டம். மனை வாங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்திரத்தையும் ஒப்புதல் எண்ணையும் பார்த்துத்தான் அவர்கள் பணம் கொடுத்தார்கள்.

இத்தகைய தவறு ஒரு தனி மனிதரின் பேராசையால் மட்டும் நிகழ்வதில்லை. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் இருக்கின்றன. கால்வாயோ ஒரு கிராமத்தில் புறப்பட்டு இன்னொரு கிராமத்தைக் கடந்து மூன்றாவது கிராமத்துக் கண்மாயில் சேருகிறது. அது ஓடும் புறம்போக்கின் கணக்கு வருவாய்த் துறையிடம் இருக்கிறது. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருவது நகர் ஊரமைப்புத் துறை. ஒவ்வோர் அலுவலகமும் தன் கோப்பில் உள்ள புல எண்ணை மட்டும் பார்க்கிறது. தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்று முழுவதும் அறிந்த ஒரே ஆள், வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் ஊர் நீர்பாய்ச்சிதான். அவரிடம் யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை.

நகரத்துக்குள் நடந்ததைப் பார்த்தால் நாளை சுற்று வட்டாரத்தில் நடக்கப் போவது தெரியும். சாத்தையாற்றின் நீர் வண்டியூர்க் கண்மாய்க்கு வந்து சேரும் வழியும், நிலையூர்க் கால்வாய் வைகை நீரை மாடக்குளம், தென்கால் போன்ற கண்மாய்களுக்குக் கொண்டு செல்லும் வழியும் இன்று வீடுகளுக்கு இடையே நெருக்குண்டு கிடக்கின்றன. கிருதுமால் நதியைச் சாக்கடை என்று நினைக்கும் இளைஞர்களே இப்போது அதிகம். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பகுதி மூழ்கியதற்குப் பிறகு, செல்லூர்க் கண்மாயிலிருந்து வைகை வரை சிமெண்டுக் கால்வாய் அமைக்க ரூ.11.9 கோடி ஒதுக்கப்பட்டது. வேண்டிய செலவுதான். ஆனால் ஒரு கண்மாயின் மறுகால் வழியை மட்டும் சரிசெய்ய இவ்வளவு ஆகிறது என்றால், மாவட்டத்தின் கண்மாய்த் தொடர்கள் முழுவதற்கும் பின்னாளில் எவ்வளவு ஆகும் என்பதைத் திட்டம் தீட்டுவோர் இப்போதே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முழுமைத் திட்டத்தில் 'விவசாய உபயோகம்' என்று குறிக்கப்பட்ட நிலத்தையும் பின்னர் 'குடியிருப்பு' என்று மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் வழி உண்டு. ஒவ்வொரு விண்ணப்பமும் தனித்தனியே வருகிறது. தனித்தனியே பார்த்தால் மறுப்பதற்குப் பெரிய காரணமும் இருக்காது. பத்து ஆண்டு கழித்து அத்தனை கோப்புகளையும் ஒரே படத்தில் பொருத்திப் பார்த்தால்தான், ஒரு கால்வாயின் இரு கரையும் முழுக்க மனையாகிவிட்டது தெரியவரும். அனுமதியின்றிப் போட்ட மனைகள் இன்னொரு கதை. 2016-இல் உயர்நீதிமன்றம் அவற்றின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தது. 2017-இல் அத்தகைய மனைகளைச் சட்டப்படி முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது. அதன் காலக்கெடு திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. கடைசியில் எப்படியும் வரன்முறை கிடைத்துவிடும் என்று ஊரார் நம்பத் தொடங்கிய பிறகு எந்த வரைபடத்துக்கும் மதிப்பு இருக்காது.

விவசாயியின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பெரியாறு–வைகைப் பாசனத்தில் பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம். அதற்கு அப்பால் மேலூர் பக்கம் 85,563 ஏக்கர் ஒருபோகம். அணையில் தண்ணீர் திறக்கும்போதெல்லாம் இந்த எண்களே அச்சாகின்றன. அந்த ஏக்கர்களில் எத்தனை இன்று மனைக்கல் ஊன்றிக் கிடக்கின்றன, எத்தனை தரிசாகிவிட்டன என்று அதே அறிவிப்போடு சேர்த்துச் சொல்வதில்லை. முழுமைத் திட்டத்துக்கு அடிப்படையாக இந்தக் கணக்கு மடை வாரியாக எடுக்கப்பட வேண்டும். எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று எழுதும் அடங்கல் ஏட்டைத் தூசி தட்டினால் பாதி வேலை முடிந்துவிடும். அதே வேளையில், ஒருவருடைய நஞ்சையை வரைபடத்தில் விவசாயத்துக்கான பச்சை வண்ணத்தில் அடைத்து மனை விலை கிடைக்காமல் செய்துவிட்டு, அந்த நஞ்சைக்கு வரும் கால்வாயையும் மேலே அடைத்துவிடுவது எந்த வகையிலும் நியாயமாகாது. விற்கவும் முடியாமல் விதைக்கவும் முடியாமல் நிற்பவர்கள் எங்கள் பகுதியில் இருக்கிறார்கள். பச்சை வண்ணம் பூசும் அரசு அந்த நிலத்துக்குத் தண்ணீர் போகும் வழிக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

பெருகும் மக்கள் பிறகு எங்கே குடியிருப்பது என்று கேட்பார்கள். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குக் கட்டட உயரம் ஒன்பது மீட்டர் என்ற வரம்பு இருக்கிறது, அது இருக்கட்டும். அதற்கு வெளியே, சுற்றுச்சாலைக்குள்ளேயே, வாங்கிப் போட்டுப் புதர் மண்டிக் கிடக்கும் மனைகள் ஏராளம். முதலில் அவற்றில் குடிநீரும் பாதாளச் சாக்கடையும் கொடுத்து அடுக்குமாடிக்கு வழிவிட்டால் ஊர் விரியும் வேகம் குறையும். (1840-களில் ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை விரித்தபோது வெளி வீதிகள் உருவாயின. அப்போது வீதியைத் திட்டமிட்டுவிட்டு வீட்டைக் கட்டினார்கள். இப்போது வீட்டைக் கட்டிவிட்டு வீதிக்கு மனுக் கொடுக்கிறோம்.)

நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன்படி வரைவு முழுமைத் திட்டத்தை அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவித்து, ஆட்சேபனைகளுக்கும் ஆலோசனைகளுக்கும் இரண்டு மாதங்களுக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும். சட்டம் கேட்பது அவ்வளவே. ஆனால் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஆங்கில அறிக்கையையும், பெரிதாக்கினால் எண்கள் கலங்கிப் போகும் வரைபடத்தையும் இணையத்தில் ஏற்றிவிட்டு, கள்ளந்திரியிலிருந்தும் சோழவந்தானிலிருந்தும் யாரும் ஆட்சேபனை சொல்லவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியை உள்ளடக்கிய பகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போன செய்தி 2024 நவம்பரில் வந்த பிறகே ஊர்கள் திரண்டன. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. மேலூரிலிருந்து தல்லாகுளம் வரை மக்கள் நடந்து வந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. முன்கூட்டியே கேட்டிருந்தால் அத்தனை பேர் வெயிலில் நடந்திருக்க வேண்டாம்.

ஆகவே, நிலத்துக்கு வண்ணம் ஒதுக்கும் முன் ஒவ்வொரு கண்மாய்த் தொடரையும் தலைக் கண்மாயிலிருந்து கடைக் கண்மாய் வரை, வரத்தும் மறுகாலும் புல எண்ணோடு தெரியும்படி தனித் தாளில் வரைந்து, முழுமைத் திட்டத்தின் பகுதியாகவே அரசிதழில் சேர்க்க வேண்டும். அந்தத் தாளில் உள்ள புல எண்களையும், பாசனப் பொறியாளர் வரையறுக்கும் கரையோர அளவையும் எந்த நிலப் பயன்பாட்டு மாற்றமும் வரன்முறையும் தொடக்கூடாது. ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. வரைவு வெளியானதும் வரும் முதல் கூட்டத்தில் அந்தந்த ஊராட்சிக்கான தாளை மட்டும் தமிழில், சுவரில் மாட்டுமளவுக்குப் பெரிதாக அச்சிட்டு வைத்து, கிராம நிர்வாக அலுவலரும் நீர்பாய்ச்சியும் அருகில் நின்று விளக்கி, சொல்லப்படும் திருத்தங்களைக் கூட்டப் பதிவேட்டில் எழுதி உள்ளூர்த் திட்டக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். கூட்டத்தில் தாளை வைக்கப் புதிய சட்டம் தேவையில்லை. மாவட்ட ஆட்சியரின் சுற்றறிக்கை ஒன்று போதும். அதை அவர் வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் பிறப்பித்தால், தாளில் வரைந்திருக்கும் கால்வாயில் உண்மையிலேயே தண்ணீர் ஓடுகிறதா என்று மழையிலேயே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர்,
மதுரை கிழக்கு வட்டம்.