நெய்தவர் கூலியும் சேலையில் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விசைத்தறியில் நெய்த சேலைகளைக் கைத்தறி என்ற பெயரில் விற்பது, வாங்குபவரை ஏமாற்றுவதோடு நெசவாளரின் பிழைப்பையும் நேரடியாகப் பாதிக்கிறது. ஏனெனில், விசைத்தறி விலைக்கு ஈடுகொடுக்க முடியாத வியாபாரி, தறியில் அமர்ந்திருப்பவருக்குக் கொடுக்கும் தொகையில்தான் முதலில் கை வைக்கிறார். காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் சேலைக்கு இவ்வளவு என்றே கூலி பேசப்படுகிறது. பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் செய்யும் பாவு பிணைத்தல் (தறியில் முடியும் பாவு நூலோடு புதிய பாவை இணைப்பது), தார் சுற்றுதல் (ஊடை நூலைச் சிறு குழலில் சுற்றுவது) போன்ற வேலைகளின் மதிப்பு அந்தக் கூலிக்குள்ளேயே கரைந்துபோகிறது. இதுவே எனக்குப் பெரும் அநீதியாகத் தோன்றுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. குறிப்பிட்ட ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் 1985இல் இயற்றப்பட்டது. கைத்தறியில் நெய்தது எனச் சான்று தரும் கைத்தறி முத்திரை 2006இல் வந்தது. ஆனால், 'சில்க் மார்க்' பட்டின் தூய்மைக்கு மட்டுமே சான்று, கைத்தறிக்குச் சான்றாகாது என்பதைப் பல கடைகளில் எடுத்துச் சொல்வதில்லை. 1935 முதல் இயங்கும் கோ-ஆப்டெக்ஸ், நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட அட்டையைப் பட்டுச் சேலைகளுடன் இணைத்தது மிக நல்ல முயற்சி. தனியார் கடைகளும் அவ்வாறே செய்து, நெய்தவர் பெற்ற கூலியையும் அதில் அச்சிட வேண்டும் எனக் கைத்தறித் துறை கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, தீபாவளிக்குச் சேலை எடுக்கும் வாசகர்கள், பில் போடுவதற்கு முன் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், ஆரணி