குடைக்காரன் எழுதிக்கொள்வது

டேய் மாப்ள,

எத்தனை மாசம் ஆச்சுன்னு கணக்கு பாக்காத, நானும் பாக்கல. அம்மா நல்லாருக்காங்க, முட்டி வலி அப்படியே இருக்கு. தங்கச்சி பரீட்சை எழுதி முடிச்சிட்டா. நம்ம ஒட்டடக்குச்சி வழக்கம்போல ஃபோன ஆஃப் பண்ணிட்டு எங்கயோ சுத்திட்டிருக்கான். அவ்ளோதான் ஊர் சேதி.

விஷயம் என்னன்னா, உன் கல்யாணத்துல ஒல்லியா ஒரு பையன் நாள் பூரா ஒரு வெள்ளை குடைய தூக்கிட்டு ஃபோட்டோகிராஃபர் பின்னாடியே ஓடினானே, மழையே வரலயேடா உனக்கு எதுக்கு குடைன்னு நாம அவன வச்சு செஞ்சோமே, அந்த வேலைக்கு இப்ப நான் போறேன்டா. சிரிச்சு முடிச்சிட்டு மேல படி.

தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் கல்யாண ஃபோட்டோ எடுக்கறார், அவரோட அசிஸ்டென்ட்டுக்கு காய்ச்சல், "ஒரு நாள் கூட வரியாடா"ன்னு கேட்டார். கூட வரியான்னா எனக்கும் ஒரு கேமரா கைல குடுப்பார்னு நெனச்சு அந்த பச்சை சட்டைய அயர்ன் பண்ணி போட்டுட்டு போனேன். ஆமா, அதே பச்சை சட்டைதான். பாத்த உடனே அண்ணன் கேட்டது, "இதோட பொண்ணு பக்கத்துல நின்னா அந்த பச்சை மூஞ்சில அடிக்கும், வேற இருக்கா?" கடைசில அவரோட பழைய கருப்பு டீஷர்ட் ஒண்ண குடுத்தார், தொளதொளன்னு இருந்துச்சு. அந்த சட்டையோட மானம் இத்தோட எத்தனாவது தடவ போகுதுன்னு நீயே சொல்லு.

மொதல் வேலை என்ன தெரியுமா, ரெண்டு கேமராவுலயும் மணிய ஒண்ணா வைக்கறது. ரெண்டு நிமிஷம் முன்னப்பின்ன இருந்தாலும் அப்புறம் நேர வாரியா அடுக்கும்போது எல்லா படமும் சீட்டுக்கட்டு மாதிரி கலைஞ்சிடுமாம். அப்புறம் ஃபிளாஷ் பேட்டரிய நாலு நாலா பிரிச்சு ரப்பர் பேண்டு போடணும், சார்ஜ் தீந்தத ஃபுல்லா இருக்கறதோட கலக்கக் கூடாது. லைட் ஸ்டாண்டு கால்ல கனமா ஒரு பைய மாட்டணும், இல்லன்னா ஏதோ ஒரு குழந்தை ஒயர்ல தடுக்கி மொத்தமும் யார் தலையிலயாவது விழும். நான் மறந்தேன். விழல, ஆனா ஒரு தாத்தா அத ஊன்றுகோல்னு நெனச்சு புடிச்சுட்டு எந்திரிச்சார் பாரு, எனக்கு உசுரு போயி வந்துச்சு.

குடை புடிக்கறது சும்மா வேலை இல்லடா, லைட் வெளிச்சம் அதுல பட்டுதான் மெத்துனு பரவும். மூணடில இருந்த லைட்ட ஆறடிக்கு தள்ளினா வெளிச்சம் பாதியாகும்னுதான நெனைப்ப, கால்வாசிதான் மிஞ்சும். பத்தாங்கிளாஸ்ல படிச்சு எழுதி பாஸும் ஆயிருக்கேன், ஆனா மண்டைக்கு ஏறினது அன்னிக்குதான், நான் அசந்து ஓரடி பின்னாடி சாஞ்சா அண்ணன் கேமராவுல இருந்து கண்ண எடுக்காமயே "எங்க போற"ம்பார். எப்படித்தான் தெரியுமோ. மதியத்துக்குள்ள தோள்பட்டை என்னோடதே இல்லாத மாதிரி ஆயிடுச்சு. சாப்பாடு எங்களுக்கு கடைசி பந்தி.

இன்னொண்ணு. குரூப் ஃபோட்டோல யாராச்சும் ஒருத்தர் கண்ண மூடுவாங்கல்ல, அதுக்கு ஒரு கணக்கே இருக்கு. இருவது பேருக்கு கம்மின்னா, நல்ல வெளிச்சத்துல தலைய மூணால வகுக்கணும், வெளிச்சம் மோசம்னா ரெண்டால. பதினஞ்சு பேர்னா அஞ்சு தடவ, இருட்டு மண்டபம்னா ஏழெட்டு தடவ க்ளிக் பண்ணணும். சும்மா அடிச்சு விடறார்னு நெனச்சு வீட்டுக்கு வந்து தேடினா, ஆஸ்திரேலியாவுல ரெண்டு பேர் நெஜமாவே கணக்கு போட்டு 2006ல இக் நோபல் பரிசு வாங்கிருக்காங்க, சிரிக்க வச்சு யோசிக்க வைக்கற ஆராய்ச்சிக்கு குடுக்கற கிண்டல் பரிசு அது. உங்க மாமாவுக்கு இந்த கணக்கு செல்லாது, அவர ரெண்டால வகுத்தாலும் மூடித்தான் இருப்பார்.

அப்புறம் ஃபோன தூக்கிட்டு குறுக்க வர்ற கூட்டம். மாப்ள, இதுக்கு நான் உன் கால்ல விழணும். அன்னிக்கு கரெக்டா முக்கியமான நேரம் பாத்து ஒருத்தன் நட்டநடுவுல வந்து ரெண்டு கையையும் தூக்கி வீடியோ எடுக்கறான், அண்ணன் அவன் முதுகத்தான் எடுத்திருக்கார். எனக்கு வந்த கோவத்துல குடையாலயே ஒண்ணு போடலாமான்னு இருந்துச்சு, அப்பதான் உன் ஆல்பம் ஞாபகம் வந்துச்சு. அதுல பாதி படத்துல வர்ற முழங்கை யாரோடதுன்னு உன் பொண்டாட்டிக்கு இன்னும் தெரியாதுன்னா சொல்லிடாத. அந்த வீடியோவ நான் இன்னிக்கு வரைக்கும் ஒரு தடவ கூட போட்டு பாக்கலங்கறதையும் சேத்து சொல்லிடாத.

சரி, இப்ப நெஜமா சொல்ல வந்தது. யார்ட்டயும் சொல்லலடா இத.

மெமரி கார்டு வைக்க ஒரு சின்ன பர்ஸ் இருக்கு. எடுத்து முடிச்ச கார்ட தலைகீழா திருப்பி வைக்கணும், ஓரத்துல இருக்கற அந்த குட்டி லாக்கையும் கீழ தள்ளிடணும், தள்ளிட்டா கை தவறி யாரும் அழிச்சிட முடியாது. இத காலைலயே ரெண்டு தடவ சொன்னார். அவரோட மெயின் கேமராவுல ரெண்டு ஸ்லாட், ஒரே படம் ரெண்டு கார்டுலயும் ஏறும், பிரச்சனை இல்ல. இன்னொரு கேமரா பழசு, ஒரே கார்டுதான். மதியம் மேடையில கூட்டம் நெருக்குது, "கார்டு!"ன்னு கத்தறார், நான் பர்ஸுல இருந்து ஒண்ண உருவி பழைய கேமராவுல போட்டேன், உள்ள ஏதோ படம் இருந்துச்சு, போன வேலையோடது போலன்னு ஃபார்மட் அடிச்சு குடுத்துட்டேன்.

அஞ்சு நிமிஷம் கழிச்சு பர்ஸ திறந்தா தலைகீழா ஒரு கார்டு கூட இல்ல. காலைல எடுத்தத நாந்தான் அவசரத்துல நேரா சொருகி வச்சிருக்கேன், லாக்கும் போடல. கை ஜில்லுன்னு ஆயிடுச்சுடா. என்ன பண்ணேன் தெரியுமா, ஓடிப்போயி "இந்த கார்டு எரர் அடிக்குதுண்ணே"ன்னு பொய் சொல்லி வேற கார்டு மாத்தினேன். அதுக்கப்புறம் நாலு மணி நேரம் வாயத் திறக்கல. குடைய புடிச்சுட்டு நிக்கறேன், எல்லாரும் சிரிக்கறாங்க, எனக்கு காதுக்குள்ள ஒரே இரைச்சல். நம்ம கணக்கு வாத்தியார் பேப்பர் குடுக்கற அன்னிக்கு கூட அப்படி இருந்ததில்ல.

லைட்டெல்லாம் கழட்டும்போதுதான் சொன்னேன். திட்டுவார், அங்கயே துரத்திடுவார்னு நெனச்சேன். அவர் கேட்டது ஒண்ணுதான், "அழிச்சப்புறம் அதுல எத்தன படம் எடுத்தேன்?" பதினாலு. ஃபார்மட் பண்ணா படம் உடனே போயிடாதாம், எந்த படம் எங்க இருக்குங்கற குறிப்பு மட்டும்தான் போகும், அது மேலயே புதுசா எழுதினாதான் நெஜமாவே போகும். அந்த கேமரா புதுசா எழுதறதும் ஆரம்பத்துல இருந்துதான். "அப்ப மொதல் பதினாலு படம் இருக்காது. அதுல என்ன இருந்துச்சு?"

எனக்கு தெரியும்டா. நாந்தான பக்கத்துல நின்னேன்.

காலைல யாரும் வரதுக்கு முன்னாடி லைட் செக் பண்ணிட்டு இருந்தோம், பொண்ணோட அப்பா சும்மா வந்தார், அண்ணன் அவரையே அந்த மேடை நாற்காலில உக்கார சொன்னார். கூச்சப்பட்டுட்டே நுனில உக்காந்தார். கைல ஒரு சாவிக்கொத்து. அண்ணன் என்னமோ கேட்டார், அவர் அண்ணாந்து பாத்து வாய்விட்டு சிரிச்சார், சாவி கீழ விழுந்துச்சு, அத எடுக்காம இன்னும் சிரிச்சார். அதுக்கப்புறம் நாள் பூரா அந்த மனுசன் சிரிச்சு நான் பாக்கல. வர்றவங்கள கவனிக்கறது, யாருக்கோ ஃபோன் பண்றது, இதே வேலையா இருந்தார்.

அண்ணன் நேரா அவர தேடிப் போயி திரும்ப அதே நாற்காலில உக்கார வச்சார். நான் கழட்டின லைட்ட மறுபடியும் மாட்டி தூக்கி புடிச்சேன். சட்டை கசங்கிருக்கு, கண்ணு செவந்திருக்கு, வண்டி வந்துருச்சான்னு பாக்க ரெண்டு தடவ எந்திரிச்சார். அண்ணன் காலைல கேட்ட அதையே திரும்ப கேட்டுப் பாத்தார். அவர் மரியாதைக்கு பல்ல மட்டும் காமிச்சார்.

ராத்திரி அண்ணன் வீட்டுல உக்காந்து சாஃப்ட்வேர் போட்டு மீட்டோம், விடிஞ்சே போச்சு. 412 படத்துல 397 வந்துச்சு. பதினாலுக்கு பதிலா பதினஞ்சு போயிருக்கு. "நான் பேசிக்கறேன், நீ வாயத் தொறக்காத"ன்னார். பேசலன்னு நெனக்கறேன், ஏன்னா ஆல்பத்துக்கு அந்த சாயங்கால படத்ததான் அவங்க தேர்ந்தெடுத்திருக்காங்க, அப்பாவுக்கும் அது ரொம்ப புடிச்சிருச்சாம். காலைல எடுத்தது என்னாச்சுன்னு அவர் கேக்கவே இல்ல, லைட்டுக்காக சும்மா அடிச்சு பாத்தோம்னு நெனச்சிருப்பார்.

எனக்குதான் ஒரு மாதிரி இருக்குடா. அவர்ட்ட போயி சொல்லணுமா, இல்ல நல்லா இருக்கறத ஏன் கெடுக்கணும்னு விட்டுடணுமா? அண்ணன மீறி பேசவும் பயமா இருக்கு, அவ்ளோ ஆனப்புறமும் அடுத்த வாரமும் வாடான்னு கூப்ட்டிருக்கார். நீயா இருந்தா என்ன பண்ணுவ? கிண்டல் பண்ணாம ஒரு பதில் போடு, ஒரே ஒரு தடவ.

அப்புறம், உன் ஆல்பத்துல கடைசி குரூப் ஃபோட்டோல வலது ஓரத்துல ஒரு கை மட்டும் தெரியும்ல, பேய் கைன்னு சொல்லி சிரிப்போமே, எடுத்து பாரு, அது அந்த வெள்ளை குடை பையன் கைதான். உங்க ஃபோட்டோகிராஃபர்ட்ட கேட்டு அவன் நம்பர் வாங்கி அனுப்பு. தோள் வலிக்கு அவன் என்ன பண்றான்னு கேக்கணும்.

உன் வாய்ஸ் நோட்ட இன்னும் கேக்கல. ஏழு நிமிஷம்லாம் யார்றா பேசுவா.

இப்படிக்கு,
குடைக்காரன்